மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு புதிய ஷெட்

என் அத்தை வீடு பேரணாம்பட்டில், ஒரு தோல் பதனிடும் தொழிற்சாலையின் பின்மதிலை ஒட்டிய தெருவில் இருக்கிறது. அந்த வீட்டில் வெள்ளிச் சாமான் எதுவும் வெளியே இருக்காது. குங்குமச் சிமிழ், பேத்தியின் கொலுசு, அரைஞாண் எல்லாவற்றையும் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, இறுக மூடி பீரோவுக்குள் வைத்திருப்பார். வெளியே வைத்தால் சில நாட்களிலேயே கறுத்துவிடும். தோலிலிருந்து முடியை நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு சேர்க்கிறார்கள். அந்தக் கழிவுநீரோடு அமிலம் கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்புகிறது. அழுகிய முட்டை நாற்றம் அந்த வாயுவினுடையது. வெள்ளியைக் கறுக்க வைப்பதும் அதுதான்.

சில ஆண்டுகளுக்கு முன் அந்தத் தொழிற்சாலை பக்கத்துப் புஞ்சையை வாங்கியது. ஒருநாள் ஜேசிபி வந்து கடைக்கால் தோண்டத் தொடங்கியது. தெருக்காரர்கள் பத்துப் பேர் கேட்டுக்குப் போய் நின்றார்கள். மேற்பார்வையாளர் ஒரு கோப்பைக் கொண்டுவந்து காட்டினார். "எல்லா அனுமதியும் இருக்கிறது, பாருங்கள்" என்றார். முத்திரை இருந்தது, கையெழுத்து இருந்தது. எல்லோரும் திரும்பி வந்துவிட்டார்கள். பல மாதம் கழித்து அந்தத் தாளின் நகலை நான் படித்தேன். தாள் உண்மையானதுதான். ஆனால் அது பழைய கட்டடத்துக்கு, பழைய சர்வே எண்ணுக்கு, பழைய உற்பத்தி அளவுக்குக் கொடுக்கப்பட்ட அனுமதி. புதிய ஷெட்டைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. அதற்குள் ஷெட்டுக்குக் கூரைத் தகடு ஏறிவிட்டது.

விரிவாக்கம் என்றால் என்ன, அதை யார் பரிசீலிக்கிறார்கள், வீட்டுக்காரர்கள் எந்த இடத்தில் பேச முடியும் என்பதை ஆரம்பத்திலிருந்து எழுதிவைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான்.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இது: விரிவாக்கம் என்பது பழைய அனுமதியின் நீட்சி அன்று. அது ஒரு புதிய கேள்வி. சட்டமே அப்படித்தான் பார்க்கிறது. 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டப்படி, ஒரு பகுதிக்கு வளர்ச்சித் திட்டம் வருவதற்கு முன்பே நடந்துவந்த தொழில், திட்டத்தோடு பொருந்தாவிட்டாலும் நிபந்தனைகளோடு தொடர அனுமதிக்கப்படலாம். ஆனால் திட்டம் அமலுக்கு வந்த நாளில் எந்த நோக்கத்துக்கு, எந்த அளவுக்கு அந்த நிலம் பயன்பட்டதோ, அந்த அளவுக்குத்தான். 'அந்த அளவுக்கு' என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். 'நாங்கள் தாத்தா காலத்திலிருந்து இங்கே இருக்கிறோம்' என்ற பதில் பழைய ஷெட்டுக்குப் பொருந்தலாம், புதிய ஷெட்டுக்குப் பொருந்தாது. 1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 25ஆவது பிரிவும் இதையே வேறு விதமாகச் சொல்கிறது. கழிவுநீர் வெளியேற்றக்கூடிய தொழிலை மட்டுமல்ல, அதன் விரிவையும் சேர்க்கையையும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் முன் இசைவு இல்லாமல் தொடங்கக் கூடாது.

அடுத்தது, 'அனுமதி' என்ற ஒற்றைச் சொல். நம் ஊரில் எல்லோரும் அனுமதி இருக்கிறதா, இல்லையா என்றே கேட்கிறோம். உண்மையில் அது ஒரே ஒரு தாள் இல்லை. வெவ்வேறு மேசைகள், வெவ்வேறு கேள்விகள். இந்த நிலத்தில் தொழிற்சாலை இருக்கலாமா என்று ஒரு மேசை கேட்கிறது. இந்தக் கட்டடம் விதிப்படி இருக்கிறதா என்று இன்னொன்று கேட்கிறது. இதிலிருந்து வெளியேறும் நீரையும் காற்றையும் சத்தத்தையும் என்ன செய்யப்போகிறீர்கள் என்று மூன்றாவது கேட்கிறது. நாற்றத்தைப் பற்றிய மனுவைக் கட்டட மேசையில் கொடுத்தால் அது அங்கேயே கிடக்கும். அதிகாரி கெட்டவர் என்பதால் அல்ல, அது அவர் கேட்க வேண்டிய கேள்வியே இல்லை என்பதால். நியாயமான புகார்கள் தவறான மேசையில் செத்துப்போவதைப் பலமுறை பார்த்துவிட்டேன்.

நிலத்திலிருந்து தொடங்குவோம். நகரங்களுக்கு முழுமைத் திட்டம் என்ற ஒன்று இருக்கிறது. ஊரின் ஒவ்வொரு பகுதியும் எதற்கு என்று வண்ணம் தீட்டிய வரைபடம் அது. குடியிருப்புக்கு மஞ்சள், தொழிலுக்கு ஊதா, வேளாண்மைக்குப் பச்சை. பக்கத்து நிலம் அதில் என்ன நிறம் என்பதுதான் முதல் கேள்வி. இங்கே பலருக்கும் ஒரு குழப்பம் வருகிறது. பட்டாவில் புன்செய் என்று இருக்கிறதே, அப்படியானால் தொழிற்சாலை கட்ட முடியாது அல்லவா என்கிறார்கள். புன்செய், நன்செய் என்பவை வருவாய்த் துறையின் வகைப்பாடு. நில உபயோகம் என்பது நகர் ஊரமைப்புத் துறையின் வகைப்பாடு. பட்டாவில் புன்செய் என்று இருக்கும் நிலம் வரைபடத்தில் தொழில் பகுதியாகவும் இருக்கலாம், குடியிருப்புப் பகுதியாகவும் இருக்கலாம். பட்டாவிலிருந்து நமக்கு வேண்டியது சர்வே எண்ணும் உட்பிரிவு எண்ணும். அதையும், நிலத்தின் எல்லைகளைக் காட்டும் புலப்படத்தையும் வருவாய்த் துறையின் இணையதளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். அந்த எண்ணை எடுத்துக்கொண்டு நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்குப் போனால், இந்த எண்ணின் நில உபயோகம் என்ன என்று கேட்கலாம்.

நிலம் குடியிருப்பு அல்லது வேளாண்மைப் பகுதியில் இருந்தால், தொழிற்சாலைக்காரர் முதலில் நில உபயோக மாற்றம் கேட்க வேண்டும். வீட்டுக்காரர்களுக்கு இதுதான் மிகப் பெரிய வாசல். ஏனென்றால் இங்கே நாளிதழில் அறிவிப்பு வெளியிட்டு, ஆட்சேபணை இருந்தால் குறிப்பிட்ட நாளுக்குள் எழுத்தில் தெரிவியுங்கள் என்று கேட்கிறார்கள். அந்த அறிவிப்பு ஏலம், வாரிசு, பெயர் மாற்ற விளம்பரங்களுக்கு நடுவில் பொடி எழுத்தில் வரும். ஊர்ப் பெயரும் சர்வே எண்ணும் பரப்பளவும் மட்டும் இருக்கும். 'உங்கள் வீட்டுக்குப் பின்னால்' என்று இருக்காது. நம் தெருவைச் சுற்றியுள்ள சர்வே எண்கள் நமக்கு மனப்பாடமாக இருந்தால்தான் அது கண்ணில் படும். என் அத்தை தெருவில் அப்போது யாருக்கும் அந்த எண் தெரியாது. இப்போது ஒரு வீட்டின் மின்மீட்டர் பெட்டிக்குள் எழுதி ஒட்டி வைத்திருக்கிறார்கள்.

கட்டட மேசையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி மதிலிலிருந்து எவ்வளவு இடம் விட வேண்டும், உயரம் எவ்வளவு, தீயணைப்பு வண்டி நுழைய வழி உண்டா என்பவற்றைப் பார்ப்பார்கள். விட வேண்டிய இடத்தில் கொட்டகை போட்டு அடைத்திருந்தால் அதைப் புகைப்படத்தோடு இங்கே சொல்லலாம். வேறு எதையும் இங்கே கொண்டுபோய்ப் பயனில்லை.

மூன்றாவது மேசைதான் நம் பகுதிக்கு உயிர். தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இரண்டு இசைவாணைகள் தருகிறது. கட்டத் தொடங்கும் முன் நிறுவுவதற்கான இசைவு. ஓட்டத் தொடங்கும் முன் இயக்குவதற்கான இசைவு. விரிவாக்கத்துக்கும் இரண்டும் வேண்டும். தோல் பதனிடுதல் சிவப்பு வகைத் தொழில், அதாவது மாசு அதிகம் உண்டாக்கும் வகை. ஷூவுக்கு மேல்தோல் தைக்கும் கம்பெனி அப்படியல்ல. இரண்டையும் 'லெதர் கம்பெனி' என்று ஒரே வாயில் சொல்லிவிடுகிறோம். விரிவாக்கத்தில் எது வரப்போகிறது, பச்சைத் தோலை ஊறவைக்கும் டிரம்மா, தையல் இயந்திரங்களா என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். தையல் வரிசைக்கு எதிராக, தோல் பதனிடப் பயன்படும் குரோமியத்தைப் பற்றி மனு எழுதினால் நம் சொல்லுக்கு இருக்கும் மதிப்பை நாமே குறைத்துக்கொள்கிறோம்.

இசைவாணைத் தாள் கையில் கிடைத்தால் மூன்று இடங்களைப் பாருங்கள். சர்வே எண், உற்பத்தி அளவு, காலாவதி நாள். மாதம் எத்தனை டன் தோல், நாளுக்கு எத்தனை ஆயிரம் லிட்டர் கழிவுநீர், எத்தனை புகைபோக்கி, எத்தனை ஜெனரேட்டர் என்பதெல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கும். மேற்பார்வையாளர் தாளைக் காட்டியபோது எங்கள் தெருவில் யாராவது இந்த மூன்றையும் பார்த்திருந்தால் கதை அன்றைக்கே வேறாகப் போயிருக்கும். தாளைக் காட்ட மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி வாரியத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதினால் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். 30 நாளில் ஒரு ஷெட் எழும்பிவிடும் என்பதால், கடைக்கால் தோண்டும் வரை காத்திருக்காமல் நிலம் கைமாறியது தெரிந்ததுமே எழுதிவிடுவது நல்லது.

அளவு ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. ஒரு கிலோ தோலைத் தயாரிக்க ஏறத்தாழ 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று 1996ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு குறிப்பிடுகிறது. நாளுக்கு ஒரு டன் உற்பத்தி கூடினால் 35,000 லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகளில் ஏறக்குறைய மூன்று லாரி. மூன்று லாரித் தண்ணீர் நாள்தோறும் எங்கிருந்து வரும், பிறகு எங்கே போகும்? ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் ஒரு கொள்ளளவு உண்டு, உறுப்பினர் தொழிற்சாலைக்கு அதில் ஒரு பங்கு உண்டு. புதிய டிரம்களின் கழிவுநீருக்கு அந்தப் பங்கில் இடம் இருக்கிறதா? வாரியத்திடம் கேட்க வேண்டிய கேள்விகளில் இதைவிடக் கூர்மையானது எனக்குத் தெரிந்து இல்லை.

நீரைச் சுத்திகரித்தாலும் சேறு மிஞ்சும். அதை எங்கே வைப்பார்கள் என்பதையும் கேட்க வேண்டும். 2015ஆம் ஆண்டு ஜனவரி 31 அன்று, விடியும் முன், ராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுச் சேற்றுத் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்துத் தொழிற்சாலையில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் சேற்றில் சிக்கி இறந்துபோனார்கள். பக்கத்தில் இருப்பவர் பாதுகாப்பாக இருப்பாரா என்ற கேள்வி எத்தனை பெரியது என்பதற்கு இதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

தூரத்தைப் பற்றியும் ஒன்று உண்டு. 1989 மார்ச் 30 அன்று தமிழக அரசு வெளியிட்ட 213ஆம் எண் அரசாணை, ஆறு, ஓடை, அணை போன்ற நீர்நிலைகளின் கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் மிகுந்த மாசு உண்டாக்கும் தொழில்களைப் புதிதாகத் தொடங்கத் தடை விதித்தது. பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலைகளைப் பற்றி வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு அந்த அரசாணையைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தச் சொன்னது. கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும், கெடும் முன்பே காக்க வேண்டும் என்ற இரண்டு கோட்பாடுகளும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்த தீர்ப்பு அது. தோல் தொழிற்சாலைப் பகுதிகளில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ ஓரளவோ பயிருக்கு உதவாமல் போனதாக வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையம் கண்டறிந்ததும் அதில் பதிவாகியிருக்கிறது. சட்டக் கல்லூரிகளில் இந்தியா முழுவதும் படிக்கப்படும் இந்தத் தீர்ப்பு நம் ஊர்ப் பெயரில் இருக்கிறது. நம் ஊர்த் தெருக்களில்தான் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. அதே பாலாற்றுச் சிக்கலில் 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் இழப்பீட்டுக்கும் கண்காணிப்புக் குழுவுக்கும் உத்தரவிட வேண்டியிருந்தது. தள்ளிப்போட்ட பரிசீலனைக்கு எத்தனை தலைமுறை விலை கொடுக்கிறது என்று பாருங்கள்.

ஆகவே புதிய ஷெட்டின் இடத்திலிருந்து ஆற்றங்கரை எவ்வளவு தூரம் என்று அளந்து மனுவில் எழுதுங்கள். தோராயமாகச் சொல்லாமல் வரைபடத்தில் கோடு போட்டுக் காட்டுங்கள்.

சில விரிவாக்கங்களுக்கு நான்காவதாக ஒரு படி உண்டு. 2006 செப்டம்பர் 14 அன்று வெளியான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, தோல் பதனிடும் தொழிலையும் அதன் விரிவாக்கத்தையும் முன் அனுமதி தேவைப்படும் பட்டியலில் வைத்திருக்கிறது. அந்த வழியில் வந்தால் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்கலாம். ஆனால் எல்லா விரிவாக்கத்துக்கும் கூட்டம் நடக்கும் என்று நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். சாதாரண இசைவாணைக்கு அப்படி ஒரு கூட்டம் கிடையாது. அங்கே ஆய்வுக்கு வரும் பொறியாளரின் அறிக்கைதான் எல்லாம். அவர் வரும் முன்பே நம் கடிதம் அவர் மேசையில் இருக்க வேண்டும்.

கூட்டம் நடந்தால், குறைந்தது 30 நாள் முன்பு ஒரு தேசிய நாளிதழிலும் ஒரு தமிழ் நாளிதழிலும் அறிவிப்பு வர வேண்டும். சுற்றுச்சூழல் தாக்கத்தை மதிப்பிட்ட வரைவு அறிக்கையை மாவட்ட ஆட்சியர் அலுவலகம், மாவட்டத் தொழில் மையம் போன்ற இடங்களில் யாரும் படிக்கலாம். அதன் சுருக்கம் தமிழிலும் இருக்க வேண்டும். ஆட்சியரோ, கூடுதல் மாவட்ட மாஜிஸ்திரேட் பதவிக்குக் குறையாத அவருடைய பிரதிநிதியோ தலைமை தாங்குவார். முழுவதும் வீடியோவில் பதிவாகும். இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும் என்ற கணக்கும் இல்லை, வாக்கெடுப்பும் இல்லை. 500 பேர் கைதூக்கினால் திட்டம் நின்றுவிடும் என்று நினைப்பது தவறு. பேசியவை எழுதப்பட்டு, இறுதியில் தமிழில் வாசிக்கப்பட வேண்டும். அந்த வாசிப்பு முடியும் வரை எழுந்து போகாதீர்கள். நீங்கள் சொன்னது விடுபட்டிருந்தால் அங்கேயே சொல்லிச் சேர்க்க வைக்கலாம். கூட்டத்துக்கு வர முடியாதவர்கள் எழுத்திலும் அனுப்பலாம். அதுவும் கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட வேண்டும்.

இப்போது என்ன எழுதுவது என்ற கேள்வி. 'நாற்றம் தாங்க முடியவில்லை, நடவடிக்கை எடுங்கள்' என்று 200 பேர் கையெழுத்திட்ட மனுவைவிட, ஒரே ஒருவர் எழுதிய நாளும் நேரமும் கொண்ட குறிப்பு வலுவானது. என் அத்தை எட்டாவது வரை படித்தவர். தினசரி நாள்காட்டியில் தாளைக் கிழிப்பார் அல்லவா, அந்தத் தாளின் பின்பக்கம் வெறுமையாக இருக்கும். அதில் எழுதத் தொடங்கினார். 'ராத்திரி 11.40லிருந்து 1 மணி வரை நாற்றம். மேற்குக் காற்று. பின்கட்டு ஜன்னல் சாத்தினோம்.' 'விடியற்காலை 4.15க்கு ஜெனரேட்டர். குழந்தை எழுந்துவிட்டது.' 'உப்பு மூட்டை மதிலோரம். மழையில் கரைந்து நம் வாய்க்காலில் வெள்ளையாக வந்தது.' தேதி முன்பக்கம் அச்சிலேயே இருக்கிறது. அப்படி நூற்றுக்கும் மேற்பட்ட தாள்களைத் துணி கிளிப்பில் மாட்டி வைத்திருந்தார். நகல் எடுத்து வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளரிடம் கொடுத்தபோது அவர் உட்காரச் சொல்லி ஒவ்வொன்றாகப் படித்தார். அதற்கு முன் கொடுத்த நாலு மனுக்களை அப்படி யாரும் படிக்கவில்லை.

சத்தத்துக்கு எண்ணே இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல்தான் எல்லை. தொழில் பகுதிக்கு 75, 70. மதிலின் இந்தப் பக்கம் எந்த எண் பொருந்தும் என்பதையும் முதல் மேசையின் வண்ண வரைபடம்தான் சொல்லும்.

இந்தத் தொழிலை வேண்டாம் என்று சொல்வதற்காக நான் எழுதவில்லை. காலை ஏழு மணிக்கு ஆம்பூர் சாலையில் நின்று பாருங்கள். சாப்பாட்டுப் பையோடு கம்பெனி பஸ்ஸுக்கு ஓடும் பெண்கள் எத்தனை பேர். அத்தையின் மருமகளே அவர்களில் ஒருவர். ஒரே வீட்டில் ஒருவர் அந்தக் கூலியில் வாழ்கிறார், இன்னொருவர் அந்தக் காற்றில் இருமுகிறார். அதனால்தான் 'கட்டவே கூடாது' என்று மட்டும் எழுதி நிறுத்திவிடாமல், 'கட்டினால் இப்படித்தான் கட்ட வேண்டும்' என்றும் எழுத வேண்டும் என்கிறேன். பெரும்பாலும் பரிசீலனை 'முடியாது' என்று முடிவதில்லை. 'இந்த நிபந்தனைகளோடு சரி' என்று முடிகிறது. அந்த நிபந்தனைகளை எழுதவைப்பதில்தான் வீட்டுக்காரர்களின் பலம் இருக்கிறது. ஜெனரேட்டர் சாலைப் பக்கம் இருக்க வேண்டும், வீட்டுப் பக்கம் கூடாது. லாரி இரவில் சரக்கு இறக்கக் கூடாது. உப்பும் பச்சைத் தோலும் கூரைக்குக் கீழே, மதிலிலிருந்து தள்ளி இருக்க வேண்டும். கழிவுநீர்க் குழாயில் அளவுமானி வேண்டும். வீடுகளைப் பார்த்த சுவரில் காற்றோட்டி வைக்கக் கூடாது. இப்படி எழுதினால் ஆய்வுக்கு வருபவர் சரிபார்க்க முடியும். நிபந்தனை மீறப்பட்டால் நாமும் காட்ட முடியும்.

எங்கே கொடுப்பது என்பதில் இன்னும் பலர் அலைகிறார்கள். 2019இல் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்துவிட்டது. ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்கள் திருப்பத்தூர் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். வாலாஜா, ஆற்காடு, மேல்விஷாரத்துக்கு ராணிப்பேட்டை. பேரணாம்பட்டும் குடியாத்தமும் வேலூரிலேயே இருக்கின்றன. திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்தால் மனு எண் கிடைக்கும். கிராமமாக இருந்தால், ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும் கிராம சபையில் தீர்மானமாக நிறைவேற்றி அதன் நகலையும் இணையுங்கள். தபாலில் அனுப்பினால், போய்ச் சேர்ந்ததற்குச் சான்று கிடைக்கும்படி அனுப்புங்கள்.

முடிவு நமக்கு எதிராக வந்தாலும் வழி இருக்கிறது, ஆனால் நாள் குறைவு. வாரியத்தின் இசைவாணையால் பாதிக்கப்பட்டவர் 30 நாளுக்குள் மேல்முறையீட்டு ஆணையத்துக்குப் போக வேண்டும். சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்க்க வேண்டுமானால் சென்னையில் உள்ள தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு. அதற்கும் 30 நாள், தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள். நாள் கணக்கு, உத்தரவு தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து தொடங்குகிறது என்பதால் அந்த நாளைக் காட்டச் சான்று வேண்டும். பதில் வந்த உறையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அத்தை அதைக் கடிதத்தோடு சேர்த்தே ஊசிநூலால் தைத்துவிடுவார், தபால் முத்திரை வெளியே தெரியும்படி.